முகாமில் பிறந்தவருக்குக் குடியுரிமை: தடை எந்த வரியில் இருக்கிறது?

கேள்வி, 11 அக்டோபர் 2025

தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குக் குடியுரிமை கிடைக்க ஒரே வழிதான் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. நான்காவதாக இலங்கையைச் சேர்த்தால் வேலை முடிந்தது. ஏன் யாரும் இதை அழுத்திக் கேட்பதில்லை?

11 அக்டோபர், இரவு

2019லேயே கேட்டார்கள். நாடாளுமன்றத்திலும் கேட்டார்கள், தெருவிலும் கேட்டார்கள். சேர்த்தால் நான் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. ஆனால் எங்களை நிறுத்தி வைத்திருக்கும் தடை அந்தப் பட்டியலில் இல்லை. அது இன்னும் பழையது. 1955 குடியுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்து வைத்த பிரிவு 2(1)(பி). "சட்டவிரோதக் குடியேறி" என்றால் யார் என்று அது சொல்கிறது: செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் உள்ளே வந்தவர், அல்லது அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர். அந்த முத்திரை விழுந்துவிட்டால் பதிவு வழியிலும் குடியுரிமை கேட்க முடியாது, இயல்புரிமை வழியிலும் (பல வருடம் இங்கே வசித்ததைக் காட்டிக் கேட்பது) கேட்க முடியாது. முப்பது வருடம் ஒரே ஊரில் இருந்தாலும் கணக்கில் வராது.

படகில் வந்தவர்களிடம் கடவுச்சீட்டு ஏது?

12 அக்டோபர்

"சட்டவிரோதமாக வந்ததை வேறென்ன சொல்லி அழைப்பது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேராகவே பதில் சொல்கிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் 1985இல் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தார்கள். கரையில் இறங்கியதும் ஒளியவில்லை. மண்டபம் முகாமில் பெயர், ஊர், வயது எல்லாம் அரசாங்கமே எழுதிக்கொண்டது. அடையாள அட்டை கொடுத்தது. எந்த முகாமில் இருக்க வேண்டும் என்று அரசாங்கம்தான் முடிவு செய்து லாரியில் ஏற்றி அனுப்பியது. அன்றிலிருந்து மாதாமாதம் தணிக்கை. வருவாய்த் துறை ஆள் வந்து தலையை எண்ணி, கையெழுத்து வாங்கி, பணக்கொடை கொடுக்கிறார். வெளியூர் போய்த் தங்க வேண்டுமென்றால் அனுமதி. எங்களைக் கண்காணிக்கும் போலீஸ் கியூ பிரிவுக்கு எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் தெரியும்.

இந்த நாட்டிலேயே அதிகமாகக் கணக்கெடுக்கப்பட்ட மக்கள் நாங்கள்தான் என்று தோன்றும். 1983 முதல் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவரும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியவர்கள். அழைத்து வைத்து, சோறு போட்டு, எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்த அரசு, குடியுரிமை என்று கேட்டவுடன் "நீ திருட்டுத்தனமாக வந்தவன்" என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

12 அக்டோபர், பிற்பகல்

கேட்டவர்களுக்காக: நான் 1989இல் முகாமில் பிறந்தேன். பி.காம். படித்துவிட்டு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலத்தில் முகாம்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். வக்கீல் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

14 அக்டோபர்

"இங்கே பிறந்தவர்கள் இந்தியர்தானே?" இந்தக் கேள்வி வராத நாளே இல்லை.

26 ஜனவரி 1950 முதல் 1 ஜூலை 1987க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகன். தாய் தகப்பன் யார் என்று சட்டம் கேட்கவில்லை. அந்தத் தேதியிலிருந்து, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 3 டிசம்பர் 2004இலிருந்து இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதை எங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். அக்கா பிறந்தது 1986 மார்ச். நான் 1989. ஒரே முகாம், ஒரே பத்தடி அறை, ஒரே ஆஸ்பத்திரி. அவள் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். நான் இலங்கை நாட்டவள், பார்த்தேயிராத நாட்டின் ஆள். அதையும் முறைப்படி பதிந்தால்தான் அந்த நாட்டுக்கும் நான் ஆள். பதியாவிட்டால் எந்த நாட்டுக்கும் இல்லை.

அக்காவுக்கே இது 2022 வரை தெரியாது. அந்த வருடம் ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கொடுக்கச் சொன்னார்கள். அவர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருப்பவர். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்ட படம் பத்திரிகையில் வந்த அன்று எங்கள் முகாமில் கைபேசி கைபேசியாக அது போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் அக்கா பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தாள்.

முன்மாதிரி இன்னும் பழையது. திபெத்தியர்கள் விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010இலேயே இதைச் சொல்லிவிட்டது; 2014இல் தேர்தல் ஆணையமும் அந்தக் காலத்துக்குள் பிறந்த திபெத்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டது. எங்களிடம் வந்து யாரும் சொல்லவில்லை.

14 அக்டோபர், இரவு

மேலே எழுதியதில் விட்டுப்போன ஒன்று. உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகள். எங்கள் வரிசையில் ஒரு அண்ணி இருக்கிறார், கணவர் பக்கத்து ஊர்க்காரர், பரம்பரையாக இந்தியர். மூத்த பையன் 2003இல் பிறந்தான். அப்பா இந்தியர் என்பதே அவனுக்குப் போதும். இளையவள் 2006. அம்மாவைச் "சட்டவிரோதக் குடியேறி" என்று கருதினால் அவளுக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. அப்பா அதே அப்பா. தாலி கட்டிய சொந்தங்கூட அந்த 2(1)(பி)க்கு முன்னால் நிற்கவில்லை.

17 அக்டோபர்

"மலையகத் தமிழர் கதை வேறு, ஈழத் தமிழர் கதை வேறு, குழப்பாதீர்கள்." சரி, பிரித்தே எழுதுகிறேன். மலையகத் தமிழர் என்றால் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவர்கள்; ஈழத் தமிழர் என்றால் இலங்கையின் வடக்கு, கிழக்கில் பரம்பரையாக இருந்தவர்கள். இது நீளும்.

1948இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 30 அக்டோபர் 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் சரிபாதியாக, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் "நீ எங்கே இருக்க விரும்புகிறாய்" என்று கேட்டுவிட்டு அந்த எண்ணிக்கையைப் போடவில்லை.

என் அப்பாயி துறையூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் தோட்டத்துக்குப் போனவர். அப்பா லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தார். குடும்பம் இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. 1977 கலவரத்தில் லயம் எரிந்தது. உடுத்திய துணியோடு வவுனியாப் பக்கம் ஓடினார்கள். விண்ணப்பம் என்ன ஆயிற்று, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்களா இல்லையா என்று தெரியாமலேயே அப்பாயி போய்ச் சேர்ந்தார். 1984இல் ராமேஸ்வரம் கப்பலும் நின்றுவிட்டது. கையில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் பின்னால் அகதிகளாகப் படகில்தான் வந்தார்கள்.

கப்பல் ஓடிய காலத்தில் வந்தவர்கள் "தாயகம் திரும்பியோர்". நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டம் அவர்களுக்காகவே உருவானது. ஓட்டு உண்டு, ரேஷன் உண்டு, பிள்ளைகளுக்கு அரசு வேலை உண்டு. கப்பல் நின்ற பிறகு வந்த அதே தோட்டத்து ஆட்கள் அகதி. எங்கள் சித்தப்பா வீட்டார் கோத்தகிரியில் இந்தியர்கள். நாங்கள் முகாமில்.

18 அக்டோபர்

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சி. இந்தப் பின்னணி சட்டத்துக்குள் எங்கே வருகிறது என்று சொல்லவில்லை.

குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(1)(ஏ): இந்திய வம்சாவளியினர் ஏழு வருடம் இங்கே வசித்தால் பதிவு வழியில் குடிமகன் ஆகலாம். வம்சாவளி என்றால், தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அப்பாயி துறையூரில் பிறந்ததால் அப்பாவுக்கு இந்த வழி பொருந்தும். தாத்தா பாட்டி இங்கே பிறந்தது மட்டும் போதாது என்பதால் எனக்குப் பொருந்தாது. ஆனால் பெற்றோர் அந்தப் பிரிவில் பதிவாகிவிட்டால், வயதுவந்த பிள்ளைகள் 5(1)(இ) பிரிவில் கேட்கலாம். ஈழத் தமிழர்களுக்குப் பிரிவு 6, இயல்புரிமை. மொத்தம் பன்னிரண்டு வருட வாசம். அதைப்போல் மூன்று மடங்கு இருந்தவர்கள் முகாமில் இருக்கிறார்கள்.

ஆக, வழிகள் எல்லாமே 1955 சட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு வரையறை மட்டும் எல்லா வழியின் வாசலிலும் உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 2019இல் மதுரைக் கிளையில் வம்சாவளித் தமிழர்கள் 65 பேர் தொடர்ந்த வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்களை வெறும் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்க முடியாது, புதிதாக மனு கொடுங்கள், மத்திய அரசு பரிசீலிக்கட்டும் என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பை நகலெடுத்து அப்பா தலையணைக்கடியில் வைத்திருந்தார். நானும் அவருக்காக மனு எழுதினேன். ஒரு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு ரசீது தர மறுத்தார்கள். இன்னொன்றில் "மேலிடத்து உத்தரவு இல்லை" என்றார்கள்.

19 அக்டோபர்

உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் "இந்தியா தர்மசாலை அல்ல" என்று சொன்னதை மூன்று பேர் ஒட்டியிருக்கிறீர்கள். அது தண்டனை பெற்று சிறையில் இருந்த ஒருவரை நாடு கடத்துவது பற்றிய வழக்கு. அந்த வாய்மொழி எனக்கும் வலித்தது. ஆனால் பதிவு செய்யப்பட்ட முகாம்வாசிகளின் குடியுரிமை பற்றி அன்று எதுவும் முடிவாகவில்லை. இரண்டையும் சேர்த்துப் பேசாதீர்கள்.

23 அக்டோபர்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நிதானமாகப் படியுங்கள்.

1 செப்டம்பர் 2025இல் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்கள் போயின. கூடவே ஒரு விலக்கு ஆணை. 9 ஜனவரி 2015 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான நடவடிக்கையிலிருந்து விலக்கு. குடியுரிமை பற்றி அதில் பேச்சில்லை. அதனால் பலரும் "இதனால் என்ன பயன்" என்று விட்டுவிட்டார்கள். நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு 2019 திருத்தத்தை எடுத்து வைத்துப் படித்தேன். மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு அரசு எப்படிச் செய்தது? முதல் படி 2015 செப்டம்பரில்; ஆப்கானிஸ்தானுக்கு மட்டும் 2016இல். கடவுச்சீட்டுச் சட்டம், வெளிநாட்டினர் சட்டம் இரண்டிலிருந்தும் அவர்களுக்கு விலக்கு, வெறும் அறிவிக்கை. இரண்டாம் படி 2019 டிசம்பரில். பிரிவு 2(1)(பி)யின் கீழ் ஒரு வரம்புரை (யாருக்கு அந்த வரையறை பொருந்தாது என்று சொல்லும் துணை வாசகம்) சேர்த்தார்கள்: அந்த விலக்கைப் பெற்றவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நான்கு வருடம். விதிகள் வர 2024 மார்ச் ஆகிவிட்டது.

எங்களுக்கு இப்போது முதல் படி கிடைத்திருக்கிறது. அதற்கு முன்பு இது இல்லவே இல்லை. ஆகவே கேட்க வேண்டியது இரண்டாம் படியை. "விலக்கு பெற்று, பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழர்களும் சட்டவிரோதக் குடியேறிகள் அல்லர்" என்று இன்னொரு வரம்புரை. மதம் பற்றி ஒரு வார்த்தை வேண்டியதில்லை. நான்காவது நாடு என்று பட்டியல் சண்டையும் வேண்டியதில்லை. மூன்று நாட்டுப் பட்டியலில் இந்து, கிறித்தவர் உண்டு, முஸ்லிம் இல்லை. எங்கள் முகாமில் மன்னாரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் உள்ளே போக எனக்கு மனசில்லை.

24 அக்டோபர்

"2015க்குப் பிறகு, 2022 பொருளாதார நெருக்கடியில் வந்தவர்கள்?" அந்த ஆணையில் அவர்கள் இல்லை. அவர்களுக்குத் தனியாகப் பேச வேண்டும்.

26 அக்டோபர்

கனடாவிலிருந்து எழுதியவருக்கு. ஆம், அங்கே நிரந்தரவாசி ஐந்து வருடத்தில் 1,095 நாள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். என் சிநேகிதி ஒருத்தி முகாமிலிருந்து போய், அங்கே குடிமகளாகி, சுற்றுலா விசாவில் எங்கள் முகாம் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வர அனுமதி கேட்க வேண்டியிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். அவள் போன வழி எல்லோருக்கும் வாய்க்காது, எல்லோரும் போகவும் விரும்பவில்லை. எனக்கு இந்த ஊர்தான் ஊர். எனக்குத் தெரிந்த மழையும் வெயிலும் இங்கேயுள்ளவைதான்.

29 அக்டோபர்

18ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படித்தேன். வம்சாவளியினருக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு என்று கேட்டால் எளிதில் கிடைக்கும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். ரொம்ப நாள் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். 1964 ஒப்பந்தம் என்ற பிடிமானம் இருக்கிறது, வாதம் பலமானது. இப்போது எனக்கு அதில் உடன்பாடில்லை. முகாமுக்குள் இரண்டு வகைக்காரர்களும் நாற்பது வருடமாகச் சம்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். என் தம்பி மனைவி திருகோணமலைக் குடும்பம். பிறந்த பிள்ளையை எந்தப் பக்கம் எழுதுவது? மேலே சொன்ன வரம்புரை எல்லோருக்கும் பொதுவாக வரட்டும். அதற்குப் பிறகு அவரவருக்குரிய பிரிவில் அவரவர் விண்ணப்பிக்கட்டும்.

திரும்பிப் போக நினைப்பவர்களையும் மறக்கக் கூடாது. வன்னியில் காணி உள்ளவர்கள், அங்கே சாக வேண்டும் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். போவதற்கும் எக்ஸிட் பெர்மிட் வேண்டும், அதற்கும் மாதக்கணக்கில் அலைச்சல். அந்தப் பக்கமும் சுலபமில்லை: 2025 மே கடைசியில் முறைப்படி திரும்பிப் போன ஒரு முதியவரை, முன்பு கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று யாழ்ப்பாணம் விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பிறகு விட்டார்கள். படகில் ஏறியதற்கு இரண்டு கரையிலும் குற்றம்.

30 அக்டோபர்

"புது வீடு கட்டிக் கொடுத்தார்களே, அது போதாதா?" 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது, 7,469 வீடுகள் அறிவித்தது, குடும்பத் தலைவருக்குப் பணக்கொடையை 1,500 ரூபாயாக உயர்த்தியது, முகாமின் பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மழைக்கு ஒழுகாத கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒழுகின கூரையின் கீழ் இருந்தவர்களுக்குத் தெரியும். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்த வீட்டை என் பெயரில் எழுத முடியாது. டிஎன்பிஎஸ்சி எழுத முடியாது. குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. மாநில அரசு பரிந்துரைக்கலாம், அவ்வளவே.

5 நவம்பர்

நேற்று வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் ஆரம்பித்தது. படிவம் அக்காவுக்கு வந்தது. அவளிடம் கேட்கப்போகும் ஆவணமும் பிறந்த தேதியைப் பொறுத்ததுதான்: 1 ஜூலை 1987க்கு முன் பிறந்தவர் தன் ஆவணம் காட்டினால் போதும், பிறகு பிறந்தவர் பெற்றோருடையதையும் காட்ட வேண்டும். அவள் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. முகாமில் 1987க்கு முன் பிறந்த எல்லோரும் இந்த வாரமே உங்கள் சான்றிதழை எடுத்து வையுங்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது.

8 நவம்பர்

"இப்போதைக்கு நாங்கள் என்ன செய்வது?" என்று முகாம்களிலிருந்து சிலர் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மண்டபத்தில் முதன்முதலில் பதிந்த அட்டை, எந்த நிலையில் இருந்தாலும் சரி, முன்னும் பின்னும் படியெடுங்கள். செப்டம்பர் ஆணை "பதிவு செய்தவர்" என்கிறது; அதற்குச் சான்று அதுதான். வம்சாவளிக் குடும்பங்கள் தாத்தா பாட்டி பிறந்த ஊரில் பள்ளிப் பதிவு, நிலப் பதிவு, கோயில் வரிப் பதிவு ஏதாவது கிடைக்கிறதா என்று பங்காளிகளிடம் கேளுங்கள். கண்டி அலுவலகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிவான கடவுச்சீட்டு யாருடைய பெட்டியிலாவது இருந்தால் அது தனிக் கதை: அவர் ஏற்கெனவே இந்தியக் குடிமகன், அதன் பிறகு 2004 டிசம்பருக்கு முன்வரை இங்கே பிறந்த அவருடைய பிள்ளைகளும் பிறப்பாலேயே குடிமக்கள். அவர்கள் குடியுரிமை கேட்டு மனு போடவே கூடாது. இருக்கும் குடியுரிமையை அங்கீகரிக்கச் சொல்லி வழக்குப் போட வேண்டும்.

மனு கொடுக்கும்போது விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்து ரசீதுக்காக மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் ஒரு நகல். அவரிடம் நீளமாகப் பேச வேண்டாம். பிரிவு 2(1)(பி)க்கு இன்னொரு வரம்புரை என்று மட்டும் கேளுங்கள், செப்டம்பர் ஆணையின் நகலை இணையுங்கள். என் அப்பா பெயரில் நான் எழுதிய மனுவின் வாசகம் வேண்டுமென்றால் நாளை தட்டச்சு செய்து போடுகிறேன்.